திரும்பி வந்து எடுக்கும் எண்ணம்

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ஒரு விசித்திரமான கேள்வி இருந்தது. நிலத்துக்குள்ளிருந்து பொன்னோ வெள்ளியோ வந்தால் அது யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்க, முதலில் புதைத்தவனின் மனத்தை அறிய வேண்டும். திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தானா? அப்படியென்றால் அது புதையல். சொந்தக்காரர் யாரென்று தெரியாதவிடத்து அரசுக்குப் போகும். வழியில் தவறவிட்டிருந்தாலோ, செத்தவரோடு சேர்த்து அடக்கம் செய்திருந்தாலோ அது புதையலில்லை. செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஒருவனின் எண்ணம் என்னவென்று, ஊருக்குள்ளிருந்து தெரிந்தெடுத்த யூரர்கள் கூடியிருந்து முடிவு சொல்வார்கள்.

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு பொழுதுபோக்கிலிருந்து வந்தது. நான் சஃபோக் மாவட்டத்தின் சிறுநகரமொன்றில், இந்தியச் சாப்பாட்டு றெஸ்ரோறன்ற் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை கடை பூட்டு. நாலு வருஷத்துக்கு முன்பு, எங்கள் கடைக்கு மரக்கறி இறக்கும் கிழவர் ஒருவர் தன்னுடைய பழைய மெற்றல் டிடெக்ரரை 80 பவுணுக்கு எனக்குத் தந்தார். தன் முழங்கால் இனிக் குனிய விடாதாம். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் வயல்வெளிகளில் ஒரு தடியைப் பிடித்தபடி, காதில் ஹெட்போனுடன், நிலத்தைத் தடவிக்கொண்டு திரிகிறேன். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய பகிடி. "என்ன, இண்டைக்குக் கண்ணிவெடி கிடைச்சதோ?" என்று கேட்பார்கள். பகிடியென்றாலும் பிழையான பகிடியில்லை. முகமாலையில் குந்தியிருந்து வெடியகற்றிய எங்கள் பெண்களின் கையிலிருந்ததும் இதே தத்துவத்தில் இயங்கும் கருவிதான். அங்கே சத்தம் கேட்டால் கால் வைக்கக்கூடாது. இங்கே சத்தம் கேட்டால் மண்வெட்டியை வைக்க வேண்டும்.

கருவி செய்வது சின்ன வேலை. அதன் வட்டத் தட்டிலிருந்து மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் நிலத்துக்குள் போகிறது. அங்கே உலோகமிருந்தால் அதற்குள் ஒரு சின்ன மின்னோட்டம் பிறந்து, தன்பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைக் கணக்கெடுத்துக் கருவி ஒரு இலக்கத்தைக் காட்டும். இரும்புக்கு உறுமல், செம்புக்கும் வெள்ளிக்கும் உயர்ந்த கீச்சுக்குரல். இதிலே ஒரு கேலி இருக்கிறது. மெல்லிய பொன்னுக்கு வரும் இலக்கமும், சொக்கிலேற் சுற்றிய வெள்ளித்தாளுக்கும் சோடாக் கானின் இழுவளையத்துக்கும் வரும் இலக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே பொன் வேண்டுமென்பவன் குப்பை முழுவதையும் தோண்ட வேண்டும். நான் தோண்டியெடுத்தவை பெரும்பாலும் தெறிகள், ஈயத் துண்டுகள், பழைய துவக்குக் குண்டுகள், தோட்டாக்களின் பித்தளை அடிகள், குதிரைச் சேணத்துக் கொழுக்கிகள்.

போன வருஷம் ஒரு அரை நாணயம் வந்தது. மூன்றாம் ஹென்றியின் காலத்து வெள்ளிப் பென்னியை நேர் நடுவே வெட்டிய பாதி. 1247இல் வந்த அந்த வகைப் பென்னியின் பின்புறத்தில் விளிம்பு வரைக்கும் நீளும் சிலுவை இருக்கும். சில்லறை இல்லாத காலத்தில் அந்தச் சிலுவைக் கோட்டிலேயே வெட்டி அரைப் பென்னி, கால் பென்னி ஆக்கினார்கள். என் சின்னவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஏதோ ஒரு ஏழை, அரைநாட் கூலியோ என்னவோ, வயலில் தவறவிட்டுவிட்டுத் தேடியிருப்பான். அவன் மடியைத் தடவிப் பார்த்திருப்பதை என்னால் காண முடிந்தது. அது விழுந்தது. அந்த அரை நாணயத்துக்குப் பின்னால் திரும்பி வரும் எண்ணம் எதுவும் இல்லை.

இந்தப் பொழுதுபோக்கில் கொஞ்சம் 'சீரியஸாக' இறங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். இதில் ஈடுபடும் ஆங்கிலேயரைக் கேட்டால் அதற்கு ஒரு நேரான விளக்கம் சொல்வார்கள்: எண்ணூறு, ஆயிரம் பவுணில் நல்ல கருவி, ஆழத்துக்குப் பெரிய தட்டு, பழைய வரைபடங்களைப் பார்த்து மறைந்துபோன பாதைகளையும் சந்தைத் திடல்களையும் கண்டுபிடிப்பது, நிலச்சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதியும் பங்கு ஒப்பந்தமும். எல்லாம் சரிதான். பழைய வரைபடம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கருவி விலை கூடினால் குழியின் ஆழம்தான் கூடுகிறது. ஒரு மனிதன் நிலத்தைக் கிளறுவதில் சீரியஸாகிறான் என்றால், தான் யாருடைய பொருளில் கை வைக்கிறேன் என்ற கேள்வி அவனுக்கு வந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்திலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு.

ஒன்று சட்டன் ஹூ. 1939இல் எடித் பிறிற்ரி என்ற பெண்மணியின் காணியிலிருந்த மண்மேட்டை பாசில் பிறவுண் என்பவர் கிளறத் தொடங்க, 27 மீற்றர் நீளமான கப்பலொன்றின் தடமும், அதன் நடுவே ஏழாம் நூற்றாண்டு அரசன் ஒருவனுக்குரிய பொற்பொருட்களும் வெளிவந்தன. அந்த ஓகஸ்ட் மாதம் விசாரணை நடந்தது. யூரர்கள் சொன்ன நியாயம் அழகானது. இவ்வளவு பெரிய கப்பலை ஆற்றிலிருந்து மேட்டுக்கு இழுத்து, ஊர் கூடிப் புதைத்தவர்கள் அதைத் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு செய்திருக்க முடியாது. ஆகவே புதையலல்ல, நிலத்துக்காரிக்கே சொந்தம். அந்தப் பெண்மணி முழுவதையும் பிரித்தானிய நூதனசாலைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டார்.

மற்றது ஹொக்ஸன். 1992 நவம்பரில் ஒரு கமக்காரரின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட, எரிக் லோஸ் என்ற நண்பர் அதைத் தேடித்தரக் கருவியோடு போனார். கிடைத்தது றோமர் ஆட்சி இங்கே முடிந்துபோன காலத்துப் பெட்டி: பதினாலாயிரத்துக்கு மேல் பொன், வெள்ளிக் காசுகள், கரண்டிகள், வளையல்கள். லோஸ் செய்த பெரிய காரியம் அவர் தோண்டியதல்ல, தோண்டுவதை நிறுத்தியது. கொஞ்சம் எடுத்தவுடன் விட்டுவிட்டு அறிவித்தார். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் வந்து கவனமாக எடுத்ததால்தான் உக்கிப்போன மரப்பெட்டியின் தடமும், உள்ளே சின்னப் பெட்டிகளுக்குப் போட்டிருந்த வெள்ளிப் பூட்டுகளும், பொருட்கள் உரசாமல் இடையில் வைத்த வைக்கோலின் அடையாளமும் தெரியவந்தன. ஒரு வளையலில் யூலியானா என்ற பெண்ணின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கடைசிக் காசுகள் 407, 408ஆம் ஆண்டுகளுக்குரியவை. இங்கிருந்த படை போய்க்கொண்டிருந்த காலம். அரசு போகிறது, யார் வருவார்கள் என்று தெரியாது, ஒரு குடும்பம் வைக்கோல் வைத்துச் சுற்றி, பூட்டுப் போட்டு, மண்ணுக்குள் வைக்கிறது. லோஸுக்குச் சன்மானமாக 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண் கிடைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தாமலே அவர் கமக்காரருக்கும் பங்கு கொடுத்தார். சுத்தியலும் கிடைத்து, அதுவும் நூதனசாலைக்குப் போய்விட்டது!

எம்மவர் எவருக்கும் இந்த இரண்டாவது கதைக்கு விளக்கம் தேவைப்படாது. 2009இன் முதல் மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் சனங்கள் நகர்ந்த வழி முழுவதும் நிலத்துக்குள் பொருட்கள் போயின. தையல் மெசின், சைக்கிள், காணி உறுதி, தாலிக்கொடி. ஒவ்வொரு இடப்பெயர்வுக்கும் சுமை குறைந்தது, புதைத்தது கூடியது. எல்லோரும் இடத்தை மனதில் எழுதினார்கள்: கிணற்றிலிருந்து இத்தனை காலடி, பனையிலிருந்து இத்தனை முழம். என் சின்னம்மா இரண்டு சோடிக் காப்பையும் உறுதியையும் கல்யாணப் படத்தையும் பொலித்தீனில் சுற்றி, அலுமினியக் கேத்தில் ஒன்றுக்குள் வைத்து, புதுக்குடியிருப்பில் வீட்டுக்குப் பின்னால் தாட்டுவிட்டுப் போனவர். 2012இல் திரும்பிப் போனபோது வீடும் இல்லை, வேம்பும் இல்லை. பல இடங்களில் யாரோ முந்திக்கொண்டு தோண்டிய குழிகள் இருந்தன. யாரென்று தெரியாது.

பிரித்தானியாவின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பழைய கேள்வியை மையத்திலிருந்து எடுத்துவிட்டது. 300 வருஷத்துக்கு மேற்பட்டதா, பத்து வீதமாவது பொன்னோ வெள்ளியோ உண்டா, காசென்றால் ஒன்றுக்கு மேற்பட்டதா என்று பார்த்தால் போதும். புதைத்தவன் என்ன நினைத்தான் என்பது தேவையில்லை. புதைகுழிப் பொருளும் இப்போது புதையல்தான். 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். 2023இலிருந்து, வெறும் செம்போ பித்தளையோ ஆனாலும், 200 வருஷத்துக்கு மேற்பட்ட முக்கியமான பொருட்களையும் சேர்த்திருக்கிறார்கள். விசாரிப்பவர் அதே மரணவிசாரணை அதிகாரிதான். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்திய கரண்டிக்கு, சந்தேகமான சாவுக்குரிய அதே நாற்காலியில் இருந்து விசாரணை நடத்தும் நாடு இது. (எங்கள் ஊரில் எத்தனை சாவுக்கு விசாரணை நடந்தது என்று இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

சட்டம் கேள்வியை எடுத்ததில் நியாயமுண்டு. செத்தவன் மனதை எந்த யூரர் காண்பது? ஆனால் சட்டம் விட்டதைக் குழிக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்பவன் விடவேண்டியதில்லை. தவறவிட்ட அரைப் பென்னிக்கும், வைக்கோல் வைத்துச் சுற்றிய பெட்டிக்கும் வித்தியாசமுண்டு. முன்னதில் நான் ஒரு குப்பை பொறுக்குபவன், அவ்வளவுதான். பின்னதில், நடக்காமல் போன ஒரு திரும்புதலுக்குள் கை வைக்கிறேன்.

எங்கள் கடையில் தந்தூரி அடுப்படியில் நிற்கும் அண்ணை இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார். "தம்பி, வெள்ளைக்காரன்ரை மியூசியம் முழுக்க ஊரான்ரை சாமான். எங்கடையும் கிடக்கு. நீ என்னெண்டால் செப்புத் தெறியையும் கொண்டுபோய்ப் பதிஞ்சு குடுக்கிறாய். அவன் கேட்டோ எடுத்தவன்?" என்பார். இது சாதாரண வாதமில்லை. லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் பொன்முலாம் பூசிய தாரா சிலையொன்று நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டு, ஏறக்குறைய ஆளுயரம், இடைக்கு மேலே ஆடையில்லாமல், வலது கையைக் கீழே நீட்டியபடி. இலங்கையில் ஆளுநராயிருந்த றொபேர்ட் பிறவுண்றிக் 1830இல் கொடுத்தது. எங்கே கிடைத்ததென்று கேட்டால், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் என்பதுதான் பதில். இடையில்! அந்தக் கரையோரம் நூறு கிலோமீற்றருக்கு மேல். எந்தக் கோயிலில் நின்றாள், பக்கத்தில் யார் நின்றார்கள், யார் அவளை மண்ணுக்குள் வைத்தார்கள், திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடா என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. சிலையை நாளைக்கே திருப்பிக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்க முடியாது.

நான் அண்ணைக்குச் சொல்வது இதுதான். களவு போனது இரண்டு. ஒன்று பொருள், மற்றது அது கிடந்த இடம். நான் செப்புத் தெறியைப் பதிவது இராசாவுக்காக இல்லை. 1997இல் தொடங்கிய ஒரு பதிவுத் திட்டம் இங்கே உண்டு. சட்டம் கேட்காத சின்னப் பொருளையும் கொண்டுபோய்க் காட்டினால், படமெடுத்து, அளந்து, கிடைத்த வயலோடு சேர்த்துப் பதிந்துவிட்டு எங்களிடமே திருப்பித் தருவார்கள். பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் பதிவாகியிருக்கின்றன. என்னுடைய அரைப் பென்னிக்கும் அதில் ஒரு இலக்கம் உண்டு. அது நூதனசாலைக்குப் போகவில்லை, என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது.

எங்கள் பக்கத்திலேயே பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் கண்டெடுத்த சின்ன முத்திரை, பெருங்கற்கால ஈமக்குழியொன்றில், எலும்புக்கூட்டோடும் பானைகளோடும் கிடந்ததால்தான் பேசுகிறது. அதையே ஒருவன் கருவியால் தோண்டிக் கழுவிக் கொழும்பில் விற்றிருந்தால் அது எழுத்துக் கீறிய ஒரு துண்டு. 2025இல் செம்மணியில் தோண்டியபோது ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப்பை வந்தது. பையைத் தனியே எடுத்துப் பாருங்கள்: எந்தக் கடையிலும் தொங்கும் ஒரு பை. எலும்போடு, அந்த ஆழத்தில், அந்த மண்ணில் கிடந்தபடியால் அது சாட்சி. தூரிகையோடு குந்தியிருந்து மண்ணைத் துடைப்பவர்களின் பொறுமை எதற்கென்று அன்றைக்கு அண்ணைக்கும் விளங்கியது. ஆனாலும் தெறி விஷயத்தில் அவர் இறங்கிவரவில்லை.

இடத்தைக் களவெடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லெம்ஸ்ரர் வழக்கைப் பார்க்கலாம். 2015இல் இரண்டு பேர் அந்த ஊருக்குப் பக்கத்தில், வைக்கிங் காலத்துப் பெரும் புதையலைக் கண்டெடுத்து, ஒருவருக்கும் முறையாகச் சொல்லாமல் பிரித்து விற்றார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். 2019இல் அவர்கள் சிறைக்குப் போனபோது மீட்கப்பட்டிருந்தவை முப்பதையொட்டியவைதான். மீண்ட காசுகள் சிலவற்றில் வெசெக்ஸின் அல்பிறெட்டும் மேர்சியாவின் இரண்டாம் கெயொல்வுல்பும் ஒரே மாதிரியான காசை அடித்திருக்கிறார்கள். அதில் இரண்டு அரசர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அல்பிறெட்டின் பக்கத்து ஆட்கள் எழுதிய வரலாறு கெயொல்வுல்பை வைக்கிங்குகளின் கைப்பொம்மையாகவும் மூடனாகவும் காட்டியது. காசு வேறு கதை சொல்கிறது: இவர்கள் கூட்டாளிகள். வென்றவன் எழுதியதைத் தோற்றவனின் காசு மறுக்கிறது. மிச்சக் காசுகள் என்ன சொல்லியிருக்கும்? முறையாக அறிவித்திருந்தால் அந்த இருவருக்கும் சட்டப்படியே பெருந்தொகை கிடைத்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கண்டெடுத்தவனுக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? இரண்டாம் வருஷத்தோடு நின்றுபோன என் படிப்பில் மெய்யியலும் ஒரு பாடம். பொதுவில் கிடப்பதோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடைய சொத்தாகும் என்று யோன் லொக் சொன்னதாகப் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. நான் ஒரு கிழமைக்கு எத்தனையோ மூட்டை வெங்காயத்தோடு என் உழைப்பையும் கண்ணீரையும் கலக்கிறேன், ஒரு வெங்காயமும் எனதாகவில்லை. ஆனால் ஒரு சாண் குழியை இரண்டு நிமிஷத்தில் வெட்டினால் அரைப்பங்கு எனக்காம். தந்தால் வாங்குவேன், அதில் எனக்குப் பாசாங்கு இல்லை, கடன் இருக்கிறது. அதை உரிமை என்று சொல்லமாட்டேன். மறைக்காமல் சொன்னதற்கு நாடு கொடுக்கும் கூலி அது.

தொல்லியல் படித்தவர்களில் ஒரு சாரார் கருவிக்காரரே வேண்டாம், நிலத்துக்குள் கிடப்பது கிடக்கட்டும் என்கிறார்கள். உழாத நிலத்துக்கு அது சரி. உழுத வயலில் மேல்மண் ஏற்கனவே கலைந்தது. கலப்பையும் உரமும் வருஷாவருஷம் பொருட்களைத் தின்கின்றன. உழவு மண்ணுக்குக் கீழே சத்தம் கேட்டால் மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதே நான் வைத்திருக்கும் ஒழுங்கு.

இவ்வளவும், புதைத்தவர் இறந்து நூற்றாண்டுகள் ஆனபிறகு பொருந்தும். அதற்கு முன்னால்? ஒரு பொருள் எந்த வருஷத்தில் ஒருவருடையதாக இருப்பதை விட்டுக் 'கண்டெடுக்கப்பட்டது' ஆகிறது? முந்நூறு என்பது எண்ணுவதற்கு வசதியான இலக்கம். இங்கேதான் ஹக்னி வழக்கு வருகிறது.

மாட்டின் சுல்ஸ்பாகர் ஜேர்மன் யூதர், வங்கிக்காரர். 1938இல் நாசிகளிடமிருந்து தப்பி லண்டனுக்கு வந்த அகதி. 1940இல் பிரித்தானியா அவரையே எதிரிநாட்டவன் என்று பிடித்து அடைத்தது. ஜேர்மன்காரன் இங்கேயும் வந்துவிடுவான் என்ற பயத்தில், வெளியே இருந்த உறவினர் அவருடைய அமெரிக்கப் பொற்காசுகளை ஹக்னி வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்த செப்ரம்பரில் வீட்டின்மேல் குண்டு விழுந்து, புதைத்தவர்கள் இறந்துபோனார்கள். விடுதலையாகி வந்தவர் தோட்டத்தைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1952இல் அங்கே வேலை நடந்தபோது 82 காசுகள் வந்தன, அவரிடமே கொடுத்தார்கள். 2007இல் அங்கே குடியிருந்தவர்கள் மண் கிண்டியபோது இன்னும் 80. அவர் அப்போது உயிரோடில்லை. 300 வருஷமாகாத பொன், வெள்ளிக்குப் பழைய கேள்வியைச் சட்டம் ஒரு ஓரத்தில் இன்னும் வைத்திருக்கிறது: ஒளித்து வைத்ததா, சொந்தக்காரர் யாரென்று தெரியுமா? தேடினார்கள். இஸ்ரேலிலிருந்த மகனைக் கண்டுபிடித்தார்கள். 2011இல், இது புதையலல்ல, அவருடைய சொத்து என்று தீர்ப்பானது.

திரும்பி வந்து எடுக்கும் எண்ணம் புதைத்தவரோடு சாகவில்லை. எழுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு அதிகாரி அதைப் பிள்ளைக்கு வந்த சொத்தாக எண்ணினார். அப்படியென்றால் 2009க்கும் 2012க்கும் இடையில் புதுக்குடியிருப்பில் கிண்டியவன் எவனாயிருந்தாலும் அவன் புதையல் எடுத்தவனல்ல. அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது.

இடம் முக்கியம், பொருளைவிட அதைப் பற்றிய அறிவு முக்கியம் என்று நான் அண்ணைக்குச் சொல்வதைச் சின்னம்மாவுக்குச் சொல்ல முடியாது. அவவுக்குக் காப்பு வேண்டும். அதைவிடக் கல்யாணப் படம் வேண்டும். நான் கருவி வைத்திருப்பதை யாரோ சொல்லிவிட்டார்கள். "தம்பி, உதைக் கொண்டுவந்து ஒருக்காப் பாக்கேலாதோ?" என்று போனில் கேட்டா. என்னுடைய பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கு என்று அச்சடித்திருக்கிறது. அங்கே கருவியோடு காணிக்குள் நின்றால் புதையல் தோண்டியதென்று பொலிஸ் பிடிக்கும் என்றும் சொன்னேன். "என்ரை காணிக்குள்ளை என்ரை காப்பைத் தேடினாலுமோ?" என்றா. அலுமினியக் கேத்தில் நல்ல உரத்த சத்தம் தரும், ஆழமில்லையென்றால் என்னுடைய பழைய கருவியே போதும். ஆனால் அந்த மண்ணில் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு செல்துண்டோ சன்னமோ கிடக்கும், கருவி ஓயாமல் கத்தும் என்று விளங்கப்படுத்தினேன். அவ அதை அவ்வளவாகக் கேட்கவில்லை. கிணற்றுக் கட்டிலிருந்து வேம்புப் பக்கமாகப் பதினாலு காலடி, தன்னுடைய காலடி, உன்னுடையதில்லை என்று சொன்னா. கிணறு தூர்ந்து கிடந்தாலும் கட்டு தெரிகிறதாம்.